ஆதாரம் உண்டா?

மனைவி கையிலிருந்த சரித்திர நாவலைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டார், ஓவிய வரலாற்றுப் பேராசிரியர்.

"கடல் கடந்து வந்த ஓவியனுக்கும் படகோட்டி மகளுக்கும் காதலாம்! ஆதாரம் உண்டா?"

"உங்க ஆராய்ச்சிப் புத்தகம் அலமாரியில தூங்குது. இந்தம்மா நாவல் அஞ்சாம் பதிப்பு. பொறாமையா?"

"எனக்கா? எந்தம்மாவோ வாய்க்கு வந்தபடி அளந்திருக்கா!"

மனைவி நிதானமாக ஒரு பக்கத்தைப் படித்தாள். "'அவள் குறட்டை விட்டாள். நடுநடுவே மெல்லிய சீழ்க்கை. அதைக் கேட்டபடியே விடியும்வரை அவளை வரைந்தான் ஓவியன்.'"

பேராசிரியர் அவசரமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் சீழ்க்கையோட குறட்டை விடறது உங்களைத் தவிர யாருக்குங்க தெரியும்? பொம்பளைப் பேர்ல எழுதினா கண்டுபிடிக்க மாட்டேனா? அடுத்த பதிப்புல அதை எடுத்துடுங்க!"

"முடியாது," என்றார் அவர். "அந்த நாவல்லயே அது ஒண்ணுக்குத்தான் ஆதாரம் இருக்கு."