நுரை அடங்கிய வீதி

திருப்பூரில் வீதிக்கு ஒரு கழிவுநீர்த் தொட்டி உண்டு. எங்கள் பகுதித் தொட்டிகள் எல்லாம் என் பொறுப்பு. நான் நுரைமருந்து விட்டால் குமிழிகள் கெட்டிப்பட்டு, சாயத்தண்ணீரில் இருக்கும் செம்பைச் சுமந்துகொண்டு மேலே வரும். ஊருக்கு மின்கம்பியே அந்தச் செம்பில்தான். வீடுகளின் குளியல் தண்ணீரும் அதே தொட்டிக்குத்தான் வரும். அதில் எண்ணெய் மட்டும் ஆகாது. பட்டதும் குமிழி உடைந்துவிடும். அதனால்தான் எண்ணெய்க் குளியலுக்குத் தடை.

அன்று காலை கோயில் வீதித் தொட்டியில் நுரை சட்டென்று அடங்கியது. எந்த வீடு என்று திரை காட்டியது. கோபத்தோடு போனைப் போட்டேன்.

"யாருங்க அங்க எண்ணெ தேச்சுக் குளிச்சது?"

அந்த வீட்டு மகள் பூவிழி எடுத்தாள்.

"எங்கப்பாங்க. நாங்கதான் குளிப்பாட்டறோம். விடியக்காலைல தவறிட்டாருங்க. தலைக்கு எண்ணெ வெக்காம எப்படிங்க அனுப்பறது?"

பின்னால் அழுகுரல் கேட்டது.

"தடை போட்டதுல இருந்து ஒரு சொட்டு தொடாத மனுசனுங்க. சொந்தக்காரங்க இன்னும் வரிசைல நிக்கறாங்க. போதும்னு சொல்லிடறேனுங்க."

ஒரு மாத மருந்து இன்றே தீர்ந்தாலும் தீரட்டும் என்று நுரைமருந்து வால்வை முழுக்கத் திறந்தேன். அடங்கிய நுரை தொட்டி விளிம்புவரை எழுந்தது.

"நிறுத்தாதீங்க கண்ணு. எல்லாரும் வெக்கட்டும். நுரைய நான் பாத்துக்கறேன்."