சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

லேப் சோதனையில் தேறினால்தான் தைலம் வாங்குவேன் என்று சோப்புக் கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். ஜெயப்பிரியா அசரவே இல்லை.

மானாம்பதியில் எலுமிச்சைப் புல்லைக் காய்ச்சித் தைலம் இறக்குகிறவன் அவள் புருஷன் தினேஷ்குமார். விற்கிற சரக்கில் மினரல் ஆயில் கலப்பான். கலக்காத ஒரு பாட்டிலுக்கு மட்டும் கழுத்தில் சிவப்பு நூல் கட்டித் தருவான். "இது நம்ம வூட்டுக்கு. புள்ளைங்க புண்ணு சிரங்குக்குப் போடு."

விற்கிற சரக்கைக் காட்டினால் குட்டு உடைந்துவிடும் என்று, அந்தச் சிவப்பு நூல் பாட்டிலைத்தான் லேபில் கொடுத்திருந்தாள்.

லேபில் வேலை பார்க்கும் சந்தியா, கிருமி வளர்த்த தட்டை நீட்டினாள்.

"பாருக்கா, உன் தைலத்த வெச்ச எடத்துலயே கிருமி ஜோரா வளந்துக்கினு கீது. சிட்ரால்தான் கிருமியக் கொல்றது. இதுல அது பேருக்குத்தான் கீது. மிச்சமெல்லாம் மினரல் ஆயிலு."

"உன் மிஷின்தான் கெட்டுப்போயிருக்கும். இது கலக்காததுடி!"

"கலக்காதது இன்னா பண்ணும்னு இதப் பாரு." இன்னொரு தட்டைக் காட்டினாள். தைலம் வைத்த இடத்தைச் சுற்றி, துடைத்துவிட்டாற்போல் கிருமியே இல்லை.

பக்கத்திலேயே அந்தத் தைலப் பாட்டில் நின்றது. கழுத்தில் அதே சிவப்பு நூல், அதே இரட்டை முடிச்சு.

ஜெயப்பிரியா அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "இது... யாரு குடுத்தது?"

"ஐயங்கார்குளத்துலேர்ந்து ஒரு அக்கா. கைக்கொழந்தைக்குத் தடவலாமான்னு கேக்க வந்தாங்க. அவங்க வூட்டுக்காரரே காய்ச்சினதாம்."