போகப் போகப் பிடிக்கும்

"பிடிக்கல. சுத்தமா பிடிக்கல. முதல் நாளே சொன்னேன்ல?"

டாக்சி ஓட்டிய பெண், காதில் மாட்டியிருந்த போனில் யாரிடமோ முணுமுணுத்தது பின் சீட்டில் மனைவியோடு உட்கார்ந்திருந்த பல் டாக்டரின் காதில் விழுந்தது.

மலையுச்சி வரை ஏறி மேகத்தை வேடிக்கை பார்த்துவிட்டு, இப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சாலைக்கு ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் கிடுகிடு பள்ளம்.

"என்னங்க, அந்த அருவியைப் பாருங்களேன்!" என்றாள் மனைவி.

"அருவி கிடக்கட்டும். அந்தப் பொண்ணு சொன்னது கேட்டுச்சா? பிரேக் பிடிக்கலையாம்!"

"உளறாதீங்க. வண்டி நல்லாத்தானே போகுது?"

"எட்டி அவ காலைப் பாரு. இவ்வளவு நேரத்துல ஒரு தடவைகூட பிரேக்கை மிதிக்கல."

உண்மைதான். வண்டி உறுமிக்கொண்டே தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

முன்னாலிருந்து மறுபடியும் குரல் வந்தது. "போகப் போகப் பிடிக்குமா? அதெல்லாம் பிடிக்காது. எப்படி நிறுத்தறதுன்னுதான் தெரியல."

இப்போது மனைவிக்கும் முகம் வெளுத்துவிட்டது. அருவியை மறந்து கணவரின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பற்றியதில்லை.

'பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிச் சொல்லியே ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்குகிற மனுஷர். இன்று அவருக்கே பல் கிட்டிப்போனது.

"இவ்வளவு தூரம் வந்தாச்சாம், இனிமே நிறுத்த முடியாதாம். நல்லா இருக்கு நியாயம்!" அந்தப் பெண் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கண்களை மூடிக்கொண்டு, முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, மலையே அதிரக் கத்தினார்.

"பிடிக்கலைன்னு தெரிஞ்சும் ஏம்மா இழுத்துக்கிட்டே போறே? போன உயிர் திரும்பி வருமா? யார் என்ன சொன்னாலும் கேக்காதே. இப்பவே நிறுத்தும்மா!"

அந்தப் பெண் பதறிப்போய்க் காலை அழுத்தினாள். வண்டி சாலையோரம் ஒதுங்கி, சமர்த்தாக நின்றது.

டாக்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நின்னுடுச்சே! பிரேக் பிடிக்குதே!"

"பிரேக்குக்கு என்ன சார்? நேத்துதான் புதுசா மாத்தினேன். இறக்கத்துல சும்மா சும்மா மிதிக்கக் கூடாதுன்னு கியர்லயே இறக்கினேன்."

"அப்பாடா!" என்று சீட்டில் சாய்ந்தார் டாக்டர். போன உயிர் திரும்பி வந்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ இவ்வளவு நேரமா பிடிக்கல, பிடிக்கலைன்னு யார்கிட்டம்மா புலம்பினே?"

"எங்கம்மாகிட்ட" என்றபடி அந்தப் பெண் காதிலிருந்ததைக் கழற்றினாள். கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்குப் பார்த்திருக்கற மாப்பிள்ளையைத்தான் பிடிக்கலைன்னேன் சார். ரெண்டு மாசமா நான் கதறியும் மசியாதவங்க, நீங்க போட்ட ஒரே சத்தத்துல கல்யாணத்தை நிறுத்திட்டாங்க!"