நீலக் கதவு வீட்டுக்காரர்

"பயனாளி இல்ல. வீட்டுக்காரர்னு எழுது."

கிரேஸி பேனாவால் அடுத்த வரியையும் அடித்தார். 'அபலை' போயிற்று. 'கண்ணீர்க் கடல்' போயிற்று.

ஹீனாவின் முகம் சுருங்கியது. வீடு கட்டித்தரும் நிலைவாசல் அறக்கட்டளையின் ஆம்பூர் அலுவலகத்தில் அவள் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. மறுநாள் புது வீட்டின் சாவியைப் பெறவிருந்த சௌமியாவைப் பற்றி, நன்கொடையாளர்களுக்கான துண்டறிக்கைக்காக அவள் எழுதிய முதல் கட்டுரை அது.

"எல்லாமே உண்மை மேடம். அவங்க குடிசைய நானே போய்ப் பார்த்தேன். மழை பேஞ்சா உள்ள உக்கார எடமில்ல."

"உண்மைதான். ஆனா இது நம்ம குரல் இல்லையே. துண்டறிக்கையா இருந்தாலும் வாட்ஸ்அப்பா இருந்தாலும் நாம ஒரே மாதிரிதான் பேசுவோம். அழ மாட்டோம், கெஞ்ச மாட்டோம்."

கிரேஸி தாம் திருத்தி எழுதிய தாளை நீட்டினார்.

'ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் சௌமியா, ஞாயிறுதோறும் தம் வீட்டுக்குத் தாமே செங்கல் சுமந்தார். கதவுக்கு நீல நிறத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.'

"இதப் படிச்சுட்டு யாரு மேடம் பணம் குடுப்பாங்க? பாலாத்தங்கரையில இன்னும் பத்துக் குடும்பம் வீட்டுக்காகக் காத்துக்கினு இருக்கு. நம்ம குரலுக்காக அவங்க மழையில நனையணுமா?"

எதிர் மேசையிலிருந்த இயக்குநர் ஜெயகரன் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் உருக்கம் இருந்தாதாம்மா ஜனங்க குடுப்பாங்க. இந்த ஒரு தடவை ஹீனா எழுதினதே அச்சுக்குப் போகட்டும்."

அப்போது சௌமியாவே உள்ளே வந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. நகக்கண்களில் நீல பெயின்ட்.

"ரெண்டாவது கோட்டும் அடிச்சிட்டேன் மேடம்! பக்கத்து வூட்டு நிஷா கேக்கறா, 'இன்னாடி இது, கதவா, வானமா?'ன்னு. உன் கண்ணு படக்கூடாதுன்னு அவ மூஞ்சி எதிர்லயே சுத்திப் போட்டேன்!"

கிரேஸிகூடச் சிரித்துவிட்டார்.

ஹீனாவுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"உக்காருங்கக்கா. ஒண்ணு படிக்கிறேன், எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

பெயரை மட்டும் விட்டுவிட்டு, கிரேஸி அடித்த வரிகளையும் சேர்த்தே உருக்கமாகப் படித்தாள். கணவனை இழந்த அபலை, ஒழுகும் கூரை, பசியில் வாடிய இரு பிஞ்சு முகங்கள், யாரேனும் கைதூக்கி விடமாட்டார்களா என்னும் ஏக்கம்.

சௌமியாவின் கண்கள் நிறைந்தன.

'பார்த்தீர்களா?' என்பதுபோல் ஹீனா கிரேஸியைப் பார்த்தாள். ஜெயகரனும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சௌமியா துப்பட்டாவால் கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாவம், யாரு பெத்த பொண்ணோ! சார், நாளைக்கு என் சாவிய அந்தப் பொம்பளைக்குக் குடுத்துடுங்க. எனக்கு இன்னா, கையில வேலை இருக்கு, நான் அடுத்த தபா வாங்கிக்கறேன். கதவுக்கு நீலம் புடிக்கலன்னா மட்டும் சொல்லச் சொல்லுங்க. நானே வந்து வேற கலர் அடிச்சுத் தர்றேன்."