நாலரை மணிச் சண்டை

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, "இன்னிக்கு ஒருத்தனும் முழுசா ஊடு போய்ச் சேர மாட்டான்" என்றான் தினேஷ். திருநின்றவூர் ரயில் நிலைய நடைமேடையில் அவனுக்குப் பின்னால் நின்ற ஐந்து பேரும் கெத்தாகத் தலையாட்டினார்கள்.

எதிரே வேப்பம்பட்டு அருள், அவனோடும் ஐந்து பேர். எல்லாருமே ஆவடியில் ஒரே பள்ளியில் ப்ளஸ் ஒன் படிப்பவர்கள். காலை மின்சார ரயிலில் மூன்றாவது பெட்டியின் வாசல் எந்த ஊருக்குச் சொந்தம் என்பதுதான் தகராறு. கல்யாணத்துக்குக் குறிப்பதுபோல் நாலரை மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள்.

மற்றவர்களுக்கு முன்பே மீசை முளைத்த ஒரே குற்றத்துக்காகத் தினேஷைத் தலைவனாக்கியிருந்தார்கள். அடி வாங்கினால் வலிக்கும், பின்வாங்கினால் ப்ளஸ் டூ முடியும்வரை பயந்தாங்கொள்ளி என்றே கூப்பிடுவார்கள். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த போனோடு கழிவறைக்குள் புகுந்து, ரயில்வே போலீசுக்குத் தகவல் சொல்லியிருந்தான்.

மணி நாலரையும் தாண்டிவிட்டது. "நீ வா", "மொதல்ல நீ வாடா" என்பதிலேயே பத்து நிமிடம் ஓடியது. இரண்டு கூட்டமும் எதிராளியைப் பார்த்ததைவிட டிக்கெட் கவுண்டர் பக்கம் பார்த்ததுதான் அதிகம். அருள் இன்னும் ஆள் கூட்டிவரச் சொல்லியிருக்கிறானோ என்று தினேஷுக்குச் சந்தேகம்.

ஒருவழியாக லத்தியோடு வந்து சேர்ந்தார் ஏட்டம்மா வேம்புலியம்மாள். தினேஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உட்காரச் சொன்னதும் பன்னிரண்டு பேரும் சமர்த்தாக வரிசையில் உட்கார்ந்தார்கள்.

ஏட்டம்மா படிப்பைப் பற்றியும் பெற்றவர்களைப் பற்றியும் கால்மணி நேரம் பேசிவிட்டு, கை கொடுத்துக்கொள்ளச் சொன்னார். "மேடம் வந்ததால தப்பிச்ச" என்று தினேஷ் பல்லைக் கடித்தான். அருளும் அதையே சொல்லிக் கை கொடுத்தான்.

"சரி, எனக்குப் போன் பண்ணவன் எந்திரி" என்றார் ஏட்டம்மா.

போச்சு என்று நினைத்தான் தினேஷ். மானம் கப்பலேறப் போகிறது. தரையையே பார்த்தான். வரிசையில் ஒருவரும் எழவில்லை.

ஏட்டம்மா பெருமூச்சு விட்டார்.

"அடுத்த வாட்டி யாராச்சும் ஒருத்தன் பண்ணா போதும்டா. பன்னெண்டு பேரும் பண்ணிகினே இருந்தா, நான் எப்போ சோறு துன்றது?"