சனிக்கிழமை போகும் சத்தம்

அப்பாவின் பழைய லேப்டாப்பைக் கடைக்காரர் அரைமணி நேரம் நோண்டினார்.

"இதுல ஒரு கோளாறும் இல்லையேம்மா."

"என்னங்க சொல்றீங்க? சனிக்கிழமை ஆனா சத்தம் போயிடும். அப்பா உடனே போன் பண்ணுவார். நான் வெளியூர்ல இருந்தே கனெக்ட் பண்ணி சவுண்ட் டிரைவர்ங்கிற சாஃப்ட்வேரை மறுபடி போடுவேன். ஒரு மணி நேரம் உயிரை எடுத்துடுவார். எதையும் அமுக்காதீங்கப்பான்னு கத்துவேன்."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். "சனிக்கிழமை தவறாம யாரோ டிரைவரை அழிச்சிருக்காங்க, பாருங்க."

"அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மூணு வருஷம் முன்னாடி கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வந்தார். லேப்டாப் பெரிசா கெடக் கூடாது, ஆனா சரி பண்ண நேரமாகணும், அதுக்கு வழி சொல்லுங்கன்னார். பேப்பர்ல எழுதிக் குடுத்தேன். அவர் உங்க அப்பாவா? எப்படி இருக்கார்?"

"போன மாசம் தவறிட்டார்."

"கடைசி வரைக்கும் இதைத்தான் வெச்சிருந்தாரா?"

"இல்ல. போன வருஷமே புதுசு வாங்கிக் குடுத்துட்டேன். அதுல டிரைவர் போனாலும் அதுவே போட்டுக்கும்."

நான் லேப்டாப்பை மூடினேன்.

"அப்புறம் அப்பா கூப்பிடவே இல்ல. தொல்லை விட்டதுன்னு இருந்துட்டேன்."