இடது காது

“இந்த ஆளுக்குக் காது ரெண்டும் ஒரே மாதிரியா இருக்கும்?”

கொத்தனார் கரணையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரத்தைப் பார்த்தபடி கேட்டார். அங்கே முக்காலியின் மேல் ஒரு மண்தலை இருந்தது. நிஜத் தலை அளவு.

“எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கு? நீங்க சுவத்தைப் பாருங்க கொத்தனாரே,” என்றாள் அவள்.

ஓதம் ஏறி உதிர்ந்த சுவர். வீட்டுக்காரர் அனுப்பிய ஆள் மத்தியானம்தான் வந்தார். தூசுக்குப் பயந்து தலையையும் காதையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார். மிச்சமிருந்த முகத்தில் பாதி நரைத்த தாடி, பாதி சிமெண்ட்.

“நீயாவாம்மா செஞ்சே? எங்க கத்துக்கிட்டே?”

“கத்துக்கறதா? நான் பேக்கரியில மாவு பிசையறவ. போன வருஷம் தெருவுல குழாய்க்குப் பள்ளம் தோண்டினாங்க. வழுவழுன்னு மண்ணு. ஒரு உருண்டை எடுத்துப் பிசைஞ்சேன். பிசைஞ்சு முடிக்கிறப்ப மூக்கு ஒண்ணு வந்திருந்துது. அப்புறம் விடல. உடைஞ்ச சீப்பு, பழைய பிரஷ், அவ்வளவுதான் சாமான்.”

“பரவாயில்லையே.”

“முதல் தலை காயறப்பவே மண்டை பிளந்துடுச்சு. ரெண்டாவதும் அப்படித்தான். அப்புறம்தான் புத்தி வந்து உள்ள இருக்கற மண்ணைக் கரண்டியால குடைஞ்சு எடுத்துட்டேன். அதனால இந்த ஆளுக்குத் தலைக்குள்ள ஒண்ணும் கிடையாது.”

“அது சரியாத்தான் இருக்கு,” என்றார் கொத்தனார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “யாரு இது?”

“எங்கப்பா.”

“போட்டோ பாத்து செஞ்சியா?”

“போட்டோ எல்லாம் அம்மா அடுப்புல போட்டு எரிச்சாச்சு. எனக்கு எட்டு மாசம் ஆகறப்ப வீட்டை விட்டுப் போனவராம். கேட்டா, செத்துட்டாருன்னு வெச்சுக்கோன்னு ஒரே பதில். அதுக்கு மேல வாய் திறக்க மாட்டாங்க.”

“அப்ப முகம் எப்படித் தெரியும்?”

“கண்ணாடி பாத்துதான். கண்ணும் நெத்தியும் அம்மா. அதைக் கழிச்சுட்டா மிச்சம் அந்த ஆளுதானே? மூக்கு, தாடை, இந்தக் காது, எல்லாம் என்னுது. அதையே ஆம்பளை அளவுக்குச் செஞ்சேன். கண்ணுதான் குத்துமதிப்பு.”

கொத்தனார் வேலையை விட்டு முக்காலிப் பக்கம் ஓரடி வந்தார்.

“கலவை இறுகுது பாருங்க,” என்று அவள்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. இந்த மாதிரி வேடிக்கை பார்க்கிற ஆள் எங்கே உருப்படியாகப் பூசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் கை ஓடியது. சுவர் பளிங்கு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

“அம்மா எப்ப வருவாங்க?”

“ஆஸ்பத்திரி லாண்டரி. ஆறு மணிக்கு. இன்னிக்குத்தான் இதைக் காட்டப்போறேன். இத்தனை நாள் ஈரத்துணி போட்டு மூடியே வெச்சிருந்தேன். அவங்க தூக்கிப் பாக்கற ரகமில்ல. ஆமான்னு சொல்லணும், இல்ல இல்லைன்னு சொல்லணும். ஒரு வார்த்தை போதும். இருபத்தாறு வயசாச்சு, அப்பா மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாம.”

“அஞ்சரைக்குள்ள முடிச்சிட்டுப் போயிடறேம்மா.”

வேலையில் நேரம் பார்க்கிற ஆள்தான் என்று அவளுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. டீ போட உள்ளே போனாள்.

டம்ளரோடு திரும்பியவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கொத்தனார் முக்காலிக்கு முன்னால் குனிந்து நின்றார். கரணை முனையில் மண். மண்தலையின் இடது காதில் மேல்பாதி இல்லை. பழத்தை நறுக்கியதுபோல் ஒரே வெட்டு.

“ஐயோ! என்ன பண்ணினீங்க?”

“இப்பத்தாம்மா சரியா இருக்கு.”

“எது சரி? நீங்க யாரு அதுல கை வைக்க? மூணு மாசம் உயிரை விட்டுச் செஞ்சிருக்கேன்! சுவத்தைப் பூசச் சொன்னா ஆளைப் பூசறீங்களா? முதல்ல வெளிய போங்க!”

அவர் வாதாடவில்லை. வெட்டிய துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். சட்டியையும் பையையும் எடுத்துக்கொண்டார். படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் கதவைச் சாத்தினாள். டீ அப்படியே ஆறியது.

மணி ஐந்தே முக்கால். மண்ணைக் கூழாகக் கரைத்தாள். சீப்பால் வெட்டுவாயைக் கீறிவிட்டாள். ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் வழுக்கியது. அழுகை வந்ததே தவிர காது நிற்கவில்லை.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். பையை மாட்டப்போனவள், ஜன்னலோரம் பார்த்தாள். பை கையிலிருந்து நழுவியது. மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள். புடவையிலிருந்து ப்ளீச் நெடி அடித்தது.

“அம்மா, கொஞ்சம் இரு. அந்தப் பாழாப்போன கொத்தனார் காதை வெட்டிட்டுப் போயிட்டாரு. இதோ ஒட்டிடறேன்.”

“ஒட்டாதே.”

“ஏம்மா?”

“உங்கப்பாவுக்கு இடது காது பாதிதான். கல்யாணத்துக்கு முன்னாடி சாரத்துலேருந்து விழுந்தப்ப தகரம் வெட்டினது,” என்றாள் அம்மா. “இதை நான் உன்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே?”

காதுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே அவள் சுவரைப் பார்த்தாள். பூச்சு இன்னும் காயவில்லை.